ஓராண்டுத் தவணை

ஃபிக்ஹு நூல்களில் நிகாஹ் பாடத்தின் பிற்பகுதியை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். 'இன்னீன்' என்னும் சொல் வந்ததும் முன்வரிசை மாணவர்கள் கிதாபுக்குள் தலையைப் புதைத்துக் கொள்வார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமுவார்கள். மனைவியோடு இல்லறம் நடத்த இயலாத கணவனைக் குறிக்கும் சட்டச் சொல் அது. இருமல் ஓய்ந்தபின் நான் கேட்பதுண்டு: அத்தகைய கணவனைப் பற்றி மனைவி காஜியிடம் முறையிட்டால் காஜி என்ன செய்ய வேண்டும்?

உடனே பிரித்துவிட வேண்டும் என்று நம் இமாம்கள் கூறவில்லை. ஓராண்டுத் தவணை கொடுக்கச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபடுகின்றன. ஏன் ஓராண்டு? குறை நிலையானதா, நோயால் வந்ததா என்பது தெரிய வேண்டும். வெப்பத்தால், குளிரால், வறட்சியால், ஈரத்தால் உடலின் இயல்பு மாறி வந்த நோயாக இருந்தால் நான்கு பருவங்களும் ஒரு சுற்று வந்து போவதற்குள் அது தெளிந்துவிடும் என்று ஃபுகஹாக்கள் விளக்கம் தந்தார்கள். அக்கால மருத்துவ அறிவு அது. ஆனால் அதன் அடியில் உள்ள எண்ணத்தைக் கவனியுங்கள். ஆணுக்கு வரும் இந்தக் குறையை அவர்கள் இழிவாகப் பார்க்கவில்லை. மாறக்கூடிய நோயாகவே பார்த்தார்கள். மனைவியின் உரிமையையும் அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை.

ஆங்கில ஆட்சிக் காலத்தில், 1939-இல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் இதே தவணை இடம்பெற்றது. திருமண வேளையிலேயே கணவனுக்கு ஆண்மைக் குறை இருந்து, அது தொடர்ந்தும் வருமானால் மனைவி மணமுறிவு கோரலாம். ஆனால் கணவன் விண்ணப்பித்தால், குறை நீங்கிவிட்டது என்று மெய்ப்பிக்க நீதிமன்றம் அவனுக்கு ஓராண்டு கொடுக்க வேண்டும். இச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

சட்டம் தரும் அந்த ஓராண்டை நம் வீடுகள் எப்படிச் செலவழிக்கின்றன? தாயத்தில் மூன்று மாதம். பேசாதிருப்பதில் மூன்று மாதம். எஞ்சிய ஆறு மாதமும் மருமகளை ஒரு பெண் மருத்துவரிடமிருந்து இன்னொரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் கழிகிறது. மகனை ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுவோம் என்று எந்த மாமியாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

ஆண் உடலில் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. பெரும்பகுதி விரைகளில் உண்டாகிறது. உண்டாக்கு என்று கட்டளையிடுவது மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கூர் என்பவரின் குழுவினர் காளையின் விரைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு புட்டனான்ட், ருஜிக்கா ஆகிய இருவரும் தனித்தனியே ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டினார்கள். 1939-இன் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. (மருந்து காளையிலிருந்து வருகிறதா, அது ஹலாலாக அறுக்கப்பட்டதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இன்று இம்மருந்து ஆலைகளில் செய்யப்படுகிறது. மூலப்பொருள் பெரும்பாலும் தாவரங்களிலிருந்து கிடைப்பது.)

இந்த ஹார்மோன் குறைந்தால் இச்சை குறையும் என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். எலும்பு தேய்வதும், இரத்தம் குறைவதும், தசை தளர்வதும், மனம் சோர்வதும், முகத்தில் மயிர் குறைவதும் இதனால் நேரலாம். இளமையில் புட்டாளம்மை வந்து விரைகள் வீங்கியவருக்கு இது நேரலாம். பிட்யூட்டரியில் கட்டி உள்ளவருக்கு நேரலாம். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை என்று ஒன்று உண்டு, 1942-இல் விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ அறுநூறு ஆண்களில் ஒருவருக்கு அது இருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். இன்னொரு பிறவி நிலையில் பருவமும் வராது, மணமும் தெரியாது. எல்லோரும் அத்தர் பூசி மகிழும் பெருநாள் காலையில் அந்த மணம் எப்படி இருக்கும் என்றே அறியாத இளைஞன் ஒருவன் உங்கள் வீட்டில் இருந்தால், மூக்கு மருத்துவரோடு நிறுத்திக் கொள்ளாதீர்கள்.

நீரிழிவையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பணியாற்றும் இந்திய வம்சாவளி மருத்துவர் பரேஷ் தண்டோனாவின் குழு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 103 ஆண்களைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டது. மூவரில் ஒருவருக்கு இந்த ஹார்மோன் குறைந்திருந்தது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வோ, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என்கிறது. நம் வலீமா விருந்துகளை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் நம் பங்கு குறைவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொந்தி பெருத்தால் இந்த ஹார்மோன் இறங்கும். எடை குறைந்தால் பலருக்கு மருந்தில்லாமலே ஏறும்.

ஆக, இது சுரப்பி நோய். தைராய்டுக்கு மாத்திரை உண்பவரை நாம் ஏளனம் செய்வதில்லை. இதற்கு மட்டும் ஏன் ஒளிந்து போக வேண்டும்?

ஒளிந்து போகிறவர்களுக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. மாம்பலத்தில் மின்சார ரயிலேறினால் பெட்டியின் சுவரில் சிறு காகிதங்கள் ஒட்டியிருக்கும். இழந்த ஆண்மையை இத்தனை நாளில் மீட்டுத் தருவதாக அவை உறுதி கூறும். இன்ன தேதியில் இன்ன விடுதியில் வைத்தியர் தங்குவார் என்ற அறிவிப்புகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் நாம் மதிக்கும் ஹம்தர்த் தவாகானாவும் ஒன்று. 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சில பகுதிகளை நீதிமன்றம் நீக்கியது. ஆனால் மருந்து விற்பதற்கான விளம்பரம் பேச்சுரிமையில் அடங்காது என்று கூறித் தடையின் அடிப்படையை நிலைநிறுத்தியது. சட்டம் நின்றது; காகிதங்களும் நின்றபாடில்லை.

இதைக் கொண்டு யூனானியையும் சித்தத்தையும் நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். தியாகராய நகரில் துணி வாங்கப் போகிறவர்கள் நாள்தோறும் மிதிக்கும் உஸ்மான் சாலை, 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்கியது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய மாகாண அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்து 1923-இல் அறிக்கை அளித்தவர் அவர்தாம். அதன் பின்னரே ஆயுர்வேதத்தையும் சித்தத்தையும் யூனானியையும் முறைப்படி கற்பிக்கும் அரசு மருத்துவப் பள்ளி சென்னையில் தோன்றியது. முறையாகப் பயின்ற ஹகீம் வேறு, விடுதி அறையில் பெட்டியைத் திறப்பவர் வேறு என்பதை உஸ்மான் சாலையில் நின்றுகொண்டே நாம் மறந்துவிடுகிறோம். ஆண்மை லேகியம் என்று விற்கப்படுபவற்றில் ஆங்கில மருந்துகளை இரகசியமாகக் கலப்பது உலகெங்கும் பலமுறை பிடிபட்ட மோசடி. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உண்பவருக்கு அந்தக் கலப்பு உயிருக்கே உலை வைக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இந்தச் சந்தையில் அகப்பட்டவர். தியாகராய நகரில் ஒரு கடையில் பணி, மணமாகி நான்காண்டு, குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து குறை ஏதுமில்லை என்று சொல்லியாகிவிட்டது. அவருக்கு எந்நேரமும் அசதி. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டு டெஸ்டோஸ்டீரோன் ஊசியை மாதக் கணக்கில் போட்டுக் கொண்டார். உடல் முறுக்கேறியது, உற்சாகம் வந்தது. அடுத்து விந்துப் பரிசோதனை செய்தபோது அணு ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் படியுங்கள். ஆண்மை மருந்தே ஆண்மகனை மலடாக்குமா என்று வியப்பு வரும். ஆக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து இரத்தத்தில் நிறைந்தால், வேண்டியது இருக்கிறது என்று எண்ணி பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். கட்டளை வராத விரைகள் விந்தணு உண்டாக்குவதையும் நிறுத்திவிடும். இதைக் கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது. ஏழு நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டு 1990-இல் வெளியிட்ட முடிவுப்படி, ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு விந்தணு முற்றாக நின்றிருந்தது. குழந்தைக்காக ஏங்கும் கணவன் தன் கைக்காசைக் கொடுத்துத் தனக்கே கருத்தடை செய்து கொள்வது எத்தகைய கொடுமை!

நல்ல வேளையாக இது பெரும்பாலும் மீளும். இத்தகைய கருத்தடைச் சோதனைகளில் பங்கேற்றவர்களைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், நிறுத்திய பன்னிரண்டு மாதங்களுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு விந்தணு எண்ணிக்கை திரும்பியிருந்தது. நான் சொன்ன சகோதரருக்கும் பதினோராம் மாதத்தில் திரும்பியது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமான நிலையில் சோதனையில் சேர்ந்தவர்கள். முன்பே குறை உள்ளவருக்கும், உடற்பயிற்சிக் கூடத்தில் அளவின்றி ஏற்றிக் கொண்டவருக்கும் அந்த உறுதியை எவரும் தர இயலாது. பிட்யூட்டரியின் கட்டளை குறைந்ததால் வந்த குறையென்றால், குழந்தை வேண்டுபவருக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கட்டளையின் வேலையைச் செய்யும் வேறு ஊசிகளைக் கொடுப்பார்கள். அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம்.

எனவே நல்ல மருத்துவரை அடையாளம் காண என்னிடம் உள்ள முதல் உரைகல் இதுதான்: குழந்தை வேண்டுமா என்று அவர் கேட்கிறாரா? கேட்காமல் ஊசி எழுதுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு வகை மருத்துவர்களால் நம் ஆண்கள் நோகிறார்கள். ஒருவர், "என்ன பாய், அம்பதைத் தாண்டியாச்சு, இன்னும் என்ன ஆசை?" என்று சிரித்து அனுப்பிவிடுவார். இத்தனை நாள் துணிவைத் திரட்டி வந்தவர் அதன்பின் வாழ்நாளில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். இன்னொருவர் எதையும் கேட்காமல், எதையும் சோதிக்காமல், வந்தவர் மனம் குளிர ஊசி போட்டுவிடுவார். மக்கள் இவரைத்தான் அன்பான டாக்டர் என்கிறார்கள். என் கணிப்பில் முதலாமவரைவிட இவரே ஆபத்தானவர்.

பொறுப்புள்ளவர் காலை வேளையில், பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கச் சொல்வார். இந்த ஹார்மோன் விடியலில் உயர்ந்து மாலையில் தாழ்வது. குறைந்திருந்தால் வேறொரு நாள் மீண்டும் எடுப்பார். ஒரே சோதனையை நம்பி ஆயுள் மருந்து தொடங்க மாட்டார். அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. வேறு அமைப்புகள் சற்றுக் குறைத்து வைத்துள்ளன. எண்ணோடு அறிகுறியும் சேர்ந்தால்தான் நோய். உறக்கம் கெட்டாலும் இந்த எண் இறங்கும். ஒரு வாரம் ஐந்து மணி நேரமே உறங்கிய இளைஞர்களுக்கு அது பத்து முதல் பதினைந்து விழுக்காடு இறங்கியதை 2011-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையே உறக்கம் சுருங்கும் ரமளானில் இச்சோதனையை வைத்துக் கொள்ளாமல் ஷவ்வாலுக்குத் தள்ளிப் போடுவதில் தவறில்லை. குறை உறுதியானால் பிட்யூட்டரியின் கட்டளைச் சுரப்புகளையும் அளந்து, கோளாறு விரையிலா தலையிலா என்று பார்ப்பார்.

உடலையும் பார்ப்பார். இதை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரைகளைத் தொட்டு அளவு பார்க்காமல் கிளைன்ஃபெல்டர் நிலையைச் சந்தேகிக்கவே வழியில்லை. அவ்ரத்தை மறைக்கும் கடமை சிகிச்சையின் அவசியத்தில், அந்த அவசியத்தின் அளவுக்கு, தளர்த்தப்படுகிறது என்பது நம் ஃபிக்ஹின் பழைய சட்டம். வெட்கப்பட்டு மறுத்துவிட்டு, டாக்டர் கண்டுபிடிக்கவில்லை என்று குறை கூறுவது நியாயமன்று.

சிகிச்சை தொடங்கியபின் சிவப்பணுக்களின் விகிதத்தைக் கண்காணிப்பார். அது 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார். வயதானவருக்குப் புராஸ்டேட் சுரப்பியைக் கவனிப்பார். அங்கே புற்று இருந்தால் பொதுவாக இம்மருந்து இல்லை. இதயத்தைப் பற்றிய அச்சம் நெடுநாள் இருந்தது. இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 5,200 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் இரத்தக் கட்டியும் சற்றுக் கூடின. முதுமையையே நீக்கிவிடும் என்று நம்புவோருக்கு 2016-இன் ஓர் ஆய்வைச் சொல்லலாம். 65 வயது கடந்தவர்களுக்கு இச்சை ஓரளவு மீண்டது. சோர்வு எதிர்பார்த்த அளவு தீரவில்லை. நல்ல மருத்துவர் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பெயர் எதையும் இங்கே பரிந்துரைப்பது முறையன்று. எவரைத் தேடுவது என்று சொல்லலாம். எண்டோகிரைனாலஜி என்னும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் டி.எம். பட்டம் பெற்றவரையோ, ஆண்களின் குறைகளில் பயிற்சி உள்ள சிறுநீரக அறுவை மருத்துவரையோ தேட வேண்டும். மயிலாப்பூர் லஸ் முதல் அடையாறு வரை தனியார் மருத்துவமனைகளில் இவர்கள் உள்ளனர். வசதி குறைந்தவர்கள் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்குச் செல்லலாம்; அங்கே இதற்கென்றே துறை உண்டு. உங்கள் நீரிழிவு மருத்துவரிடமே முதலில் வாய் திறப்பது இன்னும் எளிது. பாதி வேலை அங்கேயே முடியும். பெயர்ப் பலகையில் பட்டம் ஐயத்துக்குரியதாக இருந்தால் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பக்கத்து மஹல்லாக்காரர் பார்த்துவிடுவார் என்று அஞ்சித் திருவல்லிக்கேணிக்காரர் அடையாறுக்குப் போவதிலும் குற்றமில்லை. போனால் போதும்.

வெட்கத்துக்குரிய நோயாளியை மதித்து நடத்தும் மருத்துவம் இந்த ஊருக்குப் புதிதன்று. எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் கண்டறியப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். மற்றவர்கள் தொடவே அஞ்சிய நோயாளிகளுக்கென 1993-இல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் தியாகராய நகரில் இயங்கி, பின் அடையாறை ஒட்டிய தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில் வளர்ந்தது. கிருமி உள்ளவர்களுக்கு அவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துக் கொடுக்கும் அளவுக்கு அந்த அம்மையார் அவர்களோடு ஒன்றியிருந்தார். 2015-இல் காலமானார். அந்த நோய்க்கே வாசல் திறந்த ஊரில், ஒரு ஹார்மோன் குறைக்கு வாசல் இல்லாமற் போகாது.

வாய் திறக்க முடியாதவர் அலீ (ரலி) அவர்களை நினைத்துக் கொள்ளட்டும். தம் உடலில் அடிக்கடி நேர்ந்த ஒன்றைப் பற்றிச் சட்டம் அறிய வேண்டியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ தம் மனைவியின் தந்தை. நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள். வெட்கத்துக்காகக் கேள்வியை விட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். உங்களுக்கும் ஒரு மிக்தாத் இருப்பார்: ஒரு மச்சான், ஒரு நண்பர், எல்லோரையும்விடப் பொருத்தமாக உங்கள் மனைவி. அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்குப் படாத மாற்றங்கள் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

மார்க்கம் சார்ந்த ஐயங்கள் சிலவற்றையும் தீர்த்துவிடுகிறேன். நோன்பு வைத்தபடி தசையில் போடும் ஊசி, ஊட்டச் சத்துக்கானது அல்லாதவரை, நோன்பை முறிக்காது என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு மன்றம் முடிவு செய்தது. ஆயினும் சில ஊசிகள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றும், ஒரு வகை பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒன்றுமாகவே போடப்படுவதால், மஃரிபுக்குப்பின் வைத்துக் கொள்வதில் சிரமம் இராது. தோளில் தடவும் களிம்பும் உண்டு. அதில் ஆல்கஹால் கலந்திருக்கும். புறப்பூச்சில் அதன் சட்டத்தை உங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். தடவியபின் சில மணி நேரம் அவ்விடத்தைக் கழுவக் கூடாது. ஒளூவில் முழங்கையோடு நின்றுவிடுவதால் தோளுக்குச் சிக்கல் இல்லை. கடமையான குளிப்பு இருந்தால் குளித்த பின்னரே தடவ வேண்டும். தடவிய இடம் மனைவியின் மீதோ குழந்தைகள் மீதோ படாமல் சட்டையால் மூடிக் கொள்வது மிக முக்கியம். பட்டால் மருந்து அவர்கள் உடலிலும் ஏறும்.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கத்னா செய்யும் நாளில் வீடு முழுக்க விருந்துக் கணக்கில் மூழ்கியிருக்கும். அதற்கு வெகு முன்பே, குழந்தையைக் குளிப்பாட்டும்போதே, இரண்டு விரைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பின்னும் இறங்கவில்லையானால் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் அந்தச் சிறு அறுவையை முடித்துவிடுவது நல்லது. பதினான்கு வயது முடிந்தும் பருவத்தின் அடையாளம் எதுவும் தோன்றாத பையனை, இவன் வாப்பாவும் இப்படித்தான் இருந்தார் என்று சொல்லி விட்டுவிடாமல், ஒரு காலை வேளையில் அழைத்துச் செல்லுங்கள்.